சல்லிவன் வீட்டாரின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

என் கணவர் வீட்டார் ஓ'சல்லிவன்கள். கல்யாணமாகி அயர்லாந்தின் கார்க் நகருக்கு வந்த புதிதில் மாமியாரிடம், "நம்ம பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்டேன். "மேற்கே" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லிலிருந்து ஊரை எட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முதலில், 'ஓ' இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் அதை விட்டுவிட்டார்கள். பிற்பாடு ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்க எழுந்த கேலிக் மறுமலர்ச்சிக் காலத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அப்பா சல்லிவன், மகன் ஓ'சல்லிவன் என்றும் இருக்கும். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

மாவட்டம் தெரியாவிட்டால் கார்க், கெர்ரி இரண்டிலும் தொடங்குங்கள். இந்தக் குலத்தின் பழைய இடம் டிப்பெரரி மாவட்டத்தில், கஹிர் ஊர்ப் பக்கம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் நெருக்க, தென்மேற்குக் கடலோரம் போனார்கள். கென்மேர் பக்கம் ஓ'சல்லிவன் மோர், பேரா தீபகற்பத்தில் ஓ'சல்லிவன் பேர் என்று கிளை பிரிந்தது. 1602இல் பேரா கிளையின் டன்பாய் கோட்டை ஆங்கிலேயப் படையிடம் விழுந்தது. அந்த வருடக் கடைசி நாளில் தலைவர் டோனல் காம் சுமார் 1,000 பேரோடு வடக்கே லீட்ரிமுக்கு நடந்தார். பனியிலும் சண்டையிலும் செத்தவர்கள், வழியில் பிரிந்தவர்கள் போக, இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தது 35 பேர். அந்தக் கணக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஆவணங்கள். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பழையவை ஏராளமாகப் போயின. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் முழுதாக உள்ளன; தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1909இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது; அதற்காகப் பலர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். பத்தே வருடத்தில் பதினைந்து வயது கூடிய பாட்டிகளைப் பார்ப்பீர்கள்.

அப்புறம் 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு; யார் எந்த நிலத்தை வைத்திருந்தார் என்று வரிக்காக எடுத்த பட்டியல். ஒரே சிற்றூரில் நான்கைந்து ஜான் சல்லிவன்கள் வருவார்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ பட்டப்பெயரோ இருக்கும். அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஜான் பக்கத்தில் 'ரூவா' என்று கிடைத்தது. ஐரிஷ் மொழியில் செம்பட்டை முடிக்காரர் என்று பொருள்.

மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "என் மாமனாரையும் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்" என்றார்.