10 மீட்டர் ஏர் ரைஃபிளும் கம்ப்ரஸரும்: வாங்கும் முன்

முதலில் கிளப் ரைஃபிளில் சுடுங்கள். இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டம் வெறும் 0.5 மி.மீ.; ரைஃபிளை அசையாமல் வைஸில் இறுக்கி அதே பெல்லட்டால் (சிறு ஈயக் குண்டு) சுட்டால் ஒரே ஓட்டையாக விழுகிறது, தோளில் வைத்தால் சிதறுகிறது என்றால் குறை நிற்கும் முறையில்தான். அந்த நிலையில் புது ரைஃபிள் வீண்செலவு. அந்தப் பணத்தை ஜாக்கெட், ஷூ, பயிற்சியாளர் கட்டணம் ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள். ஸ்டாக் (தோளில் பதியும் கட்டைப் பகுதி) உடலுக்கு ஒத்துவரவில்லை என்றால் மட்டும் தாராளமாக வாங்கலாம்.

பழையது வாங்கினால், ரைஃபிளுக்கு அழுத்தக் காற்று தரும் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த காலம், பல சிலிண்டர்களுக்கு 10 ஆண்டு, கடந்திருந்தால் போட்டிக்கு ஆகாது. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

அந்தச் சிலிண்டருக்குக் காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரஸர் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. 300 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நிரப்பிய 10 லிட்டர் காற்று டேங்க், 0.2 லிட்டர் ரைஃபிள் சிலிண்டரை 100 பாரிலிருந்து 200 பாருக்குச் சுமார் 40 தடவை ஏற்றும். பக்கத்தில் டேங்க் நிரப்ப இடமே இல்லாதவர்கள்தான் கம்ப்ரஸர் பக்கம் போக வேண்டும். வாங்கினால் ஈரம் பிரிக்கும் ஃபில்டரும் சேர்த்தே வாங்குங்கள். நம் கடலோரக் காற்றின் ஈரம் உள்ளே போனால் ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) துருப்பிடிக்கும், வேகம் மாறி குண்டு மேலும் கீழும் விழும். கம்ப்ரஸர் ஓடும்போதே சில நிமிடத்துக்கு ஒருமுறை வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள்; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெடிக்கும்.