அடிபடாமலே கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் பலமாக இருமினார், கண்ணைக் கசக்கினார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் இமையைச் சுற்றி ஊதா நிறத்தில் ரத்தம் கட்டிவிட்டது. இதைத் தூக்கம் போதாத கருவளையம் என்று நினைத்து க்ரீம் தடவுவதுதான் முதல் தவறு.

இது ஏ.எல். அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்த நோயில், எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் (நோய் எதிர்ப்புப் புரதம் செய்பவை) பழுதான புரதத் துணுக்குகளைச் சுரக்கின்றன. அவை நார்போலத் திரண்டு இதயம், சிறுநீரகம், நரம்பு, தோல் எனப் பல இடங்களில் படிகின்றன; இந்தப் படிவுக்குத்தான் அமிலாய்டு என்று பெயர். ரத்தக் குழாயின் சுவரில் படிந்தால் குழாய் எளிதில் உடையும். இமைத்தோல் மிக மெல்லியது என்பதால் அங்கே சட்டென்று தெரிந்துவிடும். இமையிலோ கழுத்திலோ மெழுகு போன்ற சிறு பருக்களும் வரலாம். தோலில் எதுவுமே தெரியாத நோயாளிகள்தான் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அடுத்த தவறு. நாக்கு தடித்துப் பல் பதிகிறது என்று பல் மருத்துவரிடம் போகிறோம். இரண்டு கையும் மரத்துப்போவதற்கு எலும்பு மருத்துவர், கால் வீக்கத்துக்கு இன்னொருவர். இவை எல்லாம் இதே நோயின் அடையாளங்களாக இருக்கலாம், ஆனால் யாரிடமும் முழுக்கதையைச் சொல்வதில்லை. சிறுநீர் நுரைப்பது, மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். இதயம் கெடுவதற்கு முன்பே கண்டுபிடித்தால் சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அப்புறம், வீணாகப் பயப்படுவதும் தவறுதான். முதுகிலோ முழங்காலுக்குக் கீழேயோ வருடக்கணக்கில் அரித்து, தோல் கறுத்துச் சொரசொரப்பாகிவிட்ட ஒருவரின் பயாப்சியில் (சிறு தோல் துண்டை எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) ‘அமிலாய்டு’ என்று வரலாம். அது பெரும்பாலும் லைக்கன் அமிலாய்டோசிஸ். அங்கே படிவது தோலின் சொந்தக் கெரட்டின் புரதம். அது இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ போகாது.

சரி, சந்தேகம் வந்தால்? சாதாரணச் சாயத்தில் மட்டும் பயாப்சியைப் பார்த்தால் அமிலாய்டு கண்ணில் படாமல் போகலாம். காங்கோ ரெட் சாயம் ஏற்றி, துருவ ஒளியில் (போலரைஸ்டு லைட்) ஆப்பிள் பச்சையாக மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பில் ஊசியால் எடுத்த துளியே சில சமயம் போதும். ரத்தத்தில் எலக்ட்ரோஃபோரிசிஸ் (புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை) மட்டும் செய்துவிட்டு ‘நார்மல்’ என்று நிறுத்தக் கூடாது. அந்தப் புரதத் துணுக்குகளை அளக்கும் ஃப்ரீ லைட் செயின், பழுதான புரதத்தை அடையாளம் காட்டும் இம்யூனோஃபிக்ஸேஷன் பரிசோதனைகளும் தேவை. எந்தப் புரதம் என்று உறுதியாகாமல் மருந்தைத் தொடங்கவும் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு.