ஹைஃபை பாட்டுக்குச் சாதாரண லான் வயரே போதும்

ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஒலிக்கும் கருவி) வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள், ரவுட்டரிலிருந்து அதற்கு ஒரு சாதாரண கேட் 5ஈ (Cat 5e) லான் வயர் இழுத்துவிடுங்கள். ஓடியோவுக்கென்றே விற்கும் விலைகூடிய வயர் வேண்டவே வேண்டாம். சீடி தரத்துக்கு விநாடிக்குச் சுமார் 1.4 மெகாபிட் போதும். சீடியைவிட உயர்தரமான 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவைச் சுருக்காமல் அனுப்பினாலும் ஏறத்தாழ 9.2 மெகாபிட்தான். கேட் 5ஈ வயரோ 100 மீற்றர் வரை 1000 மெகாபிட்டைத் தாங்கும். காத்தான்குடி போல வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு மோதிக்கொள்ளும். பாட்டு நின்று நின்று வரும். வயருக்கு அந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது உள்ளே முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பாருங்கள். கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். அது சீக்கிரம் முறியும். கல்லடி, கல்முனைப் பக்கம் கடலோர வீடென்றால் உப்புக் காற்றில் பிளக் ஊசிகள் பழுதாகலாம், இடைக்கிடை கழற்றிப் பார்ப்பது நல்லது.

வளவுக்குள் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கு வெளியால் இழுப்பதென்றால் இது சரிவராது. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் செம்பு வயர் வழியே வந்து ரவுட்டர், ஸ்ட்ரீமர் இரண்டையும் எரித்துவிடலாம். அங்கே செம்பில்லாத ஒளியிழை ஃபைபரோ வைஃபையோதான் பாதுகாப்பு. அப்புறம், வீட்டுக்கு வரும் இணையமே மந்தமென்றால் வயரால் ஒன்றும் ஆகாது. பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக் கேளுங்கள்.