செம்மண் பாதையா? காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்

கடலூர் கேப்பர் மலைப் பக்கமோ ஆரோவில் செம்மண் பாதையிலோ நெடுந்தூரம் எம்டிபி (மலைப்பாதை) சைக்கிள் மிதிப்பவர்கள் பலர், தார் ரோட்டுக்கு அடித்த காற்றோடேயே இறங்கிவிடுகிறார்கள். டயர் கல்லாக இருந்தால் சரளையில் வழுக்கும்; மேட்டில் பின்சக்கரம் சும்மா சுற்றும். 2.2 அங்குல டயர், உள்ளே டியூப், 70 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டரில் காட்டும் அளவு) வாக்கில் போதும். முன்சக்கரத்துக்கு இன்னும் இரண்டு குறைத்தாலும் சரிதான். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள், கல்லில் மோதும்போது ரிம்முக்கு அடியில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

அப்புறம், திரும்பும்போது ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தார் ரோட்டில் அதே குறைந்த காற்றோடு மிதித்தால் தொடை கெஞ்சும். பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொள்ளலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வாக இருந்தால் அந்தக் குழாய் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.