எடை குறைய சைக்கிள்: ஏற்காட்டுக்கு முன்னால் கன்னங்குறிச்சி

சேலத்தில் சைக்கிள் வாங்குகிறவரை முதல் வாரத்திலேயே மலை கூப்பிட ஆரம்பித்துவிடும். அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு போனாலே சேர்வராயன் மலை கண்ணுக்கு நேரே நிற்கிறது. எடை குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு, ஏற்காடு ஏறி இறங்கினால் தொப்பை தானாகக் கரைந்துவிடும் என்று தோன்றுவது இயல்புதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரத்துக்கு மேலே போய்ப் பாருங்கள். புது சைக்கிள், புது ஹெல்மெட்டோடு கிளம்பிய யாராவது சாலையோரக் கட்டையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். அவரை அடுத்த ஞாயிறு பார்ப்பது அரிது. முட்டி வலி, இடுப்பு வலி என்று சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். சோம்பேறித்தனத்தால் நின்றுபோனால் பரவாயில்லை. ஆசையோடு வந்தவர் தவறான இடத்தில் தொடங்கியதால் நின்றுபோகிறார்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். 80 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ சைக்கிளோடு அந்த 1200 மீட்டர் ஏற உடம்பு ஏறத்தாழ 1200 கலோரி செலவழிக்கும். பெரிய எண்தான். ஆனால் அதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து முடிக்க வேண்டும், புதியவரால் அது முடியாது. முடிந்தாலும் அடுத்த நாலு நாள் காலைத் தூக்க முடியாது. அதே ஆள் சமதரையில், மணிக்கு 16, 17 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் ஓட்டினால் சும்மா இருப்பதைவிட 300 கலோரி வரை கூடுதலாகச் செலவாகும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 1500. மலை ஏறியதைவிட அதிகம், உடம்பும் தாங்கும், அடுத்த வாரமும் தொடரலாம்.

அதனால் முதல் இரண்டு மாதம் மலையை மறந்துவிடுங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சி போய் மூக்கனேரியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கொஞ்சம் பழகியதும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வரை நீட்டலாம். மேற்கே இருப்பவர்களுக்கு இரும்பாலை ரோடு இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். லாரிகள் அடிக்கும் காற்றிலேயே சைக்கிள் ஆடும், ஹேண்டில்பார் கைக்குப் பழகாதவருக்கு அந்த இடம் ஆகாது.

எவ்வளவு வேகம் என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த மூச்சுதான் சரியான மூச்சு. முதல் வாரம் 20 நிமிடம் போதும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அந்தக் கீழ் எல்லையைத் தொடவே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை.

ஓட்டி முடித்ததும் சாப்பிடுவது

எடை குறையாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சைக்கிள் அல்ல, இலைதான். காலையில் ஒரு குழுவாக ஓட்டிவிட்டு வருகிறார்கள். வழியில் டீக்கடை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, சூடாக இரண்டு வடை. அங்கேயே 300 கலோரி வந்து சேர்ந்துவிட்டது, அதாவது அன்றைக்கு ஓட்டியது அத்தனையும். அப்புறம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நல்லா ஓட்டியாச்சு" என்று நாலு பூரி, மசால். கணக்கு இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. வாரம் 1500 கலோரி சைக்கிளில் போனால், சாப்பாடு மாறாத பட்சத்தில், ஒரு கிலோ குறைய ஐந்து வாரம் ஆகும். இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது. ஆனால் அதோடு சாப்பாட்டில் தினமும் 300 கலோரி குறைத்தால், இரண்டும் சேர்ந்து வாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ குறையும். 300 என்பது அந்த டீயும் வடையும்தான். பட்டினி கிடக்கத் தேவையே இல்லை.

தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. சேலத்துக்காரருக்கு அது வெறும் தீனி இல்லை. ஆனால் மேலே பீட்ரூட், கேரட் துருவல் இருக்கிறது என்பதற்காக அதைக் காய்கறிக் கணக்கில் எழுத முடியாது, அடியில் இருப்பது எண்ணெயில் பொரித்த தட்டைதான். தினமும் சாயங்காலம் சாப்பிடுகிறவர் வாரம் ஒரு நாளாக மாற்றிக்கொண்டாலே போதும். மே மாத மாம்பழத்துக்கும் இதுதான் என் பதில்: பழமாக, அளவோடு, தோல் சீவி நறுக்கிச் சாப்பிடுங்கள். சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்த்த மில்க் ஷேக்காக வேண்டாம்.

ஓட்டிவிட்டு வந்த பிறகு இரண்டு மூன்று இட்லி, கிண்ணம் நிறைய சாம்பார், கூடவே ஒரு அவித்த முட்டை அல்லது சுண்டல் என்றால் மதியம் வரை பசி அடங்கியிருக்கும். புரதம் இல்லாத காலைச் சாப்பாடுதான் பதினோரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்க வைக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் மிதிப்பது. கண் இருட்டிக்கொண்டு வரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைச் செய்யவே கூடாது. ஓட்டும்போது ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஓட்டும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள். வீடு வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் சத்தமில்லாமல் நடக்கும். காலையில் ஓட்டியாச்சு என்று மீதி நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவது, முதல் மாடிக்கு லிஃப்ட், தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர். காலையில் சம்பாதித்ததில் ஒரு பகுதி இப்படியே போய்விடுகிறது. அந்தத் தெருமுனைக் கடைக்கும் அதே சைக்கிளில் போங்களேன்.

சீட் உயரம்

முட்டி வலியோடு வருபவர்களில் நிறையப் பேரின் சைக்கிளைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், சீட் தாழ்வாக இருக்கிறது. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படிய வேண்டும் என்று பயத்தில் இறக்கி வைத்திருப்பார்கள். கடையிலும் அப்படியே கொடுத்துவிடுவார்கள்.

சரி செய்ய ஐந்து நிமிடம் போதும். ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. முட்டி மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், குதிகால் எட்டவில்லை என்றால் இறக்குங்கள். இப்போது குதிகாலை எடுத்துவிட்டு, மிதிப்பது போல முன்பாதத்தை வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு வரும். அதுதான் உங்கள் உயரம். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகினால் பயம் போய்விடும்.

முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கியர் கனம். பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கலாம். கியர் விஷயத்தில் ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது: கனமாக மிதித்தால்தான் கொழுப்பு கரையும் என்று. கனமான கியரில் முட்டிதான் தேயும். வலது கால் 15 வினாடியில் 18 முதல் 20 முறை சுற்றும்படி லேசான கியரில் ஓட்டுங்கள். கியர் இல்லாத சைக்கிளிலும் சமதரையில் இது முடியும்.

பார்வைக்காக அகல டயர், இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த கனத்த சைக்கிளை வாங்குவதும் இதே வரிசையில் வருகிறது. நம் தார் ரோட்டுக்கு அது தேவையில்லை, மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே குடித்துவிடும். டயரில் காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், வாரம் ஒரு முறை பாருங்கள். பெண்கள் துப்பட்டாவைப் பின் குத்தியோ இடுப்பில் கட்டியோ ஓட்டுவது நல்லது, சக்கரத்தில் சிக்கினால் நொடியில் விழ வேண்டியிருக்கும்.

வியர்வையும் எடை மிஷினும்

வியர்த்துக் கொட்டினால் கொழுப்பு போகிறது என்று நினைத்து, சேலத்து ஏப்ரல் வெயிலில் ரெயின்கோட் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். போவது தண்ணீர். ஓட்டிவிட்டு வந்து மிஷினில் ஏறினால் அரை கிலோ, ஒரு கிலோ குறைந்து காட்டும், இரண்டு சொம்பு தண்ணீரில் திரும்பிவிடும். கோடையில் ஐந்தரைக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும், திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் போதும். விடியும் முன் கிளம்புபவர்களுக்குப் பின்பக்கச் சிவப்பு விளக்கு கட்டாயம்.

முதல் இரண்டு மூன்று வாரம் எடை குறையாமலும் இருக்கலாம், கொஞ்சம் ஏறவும் செய்யலாம். புதிதாக வேலை செய்யும் தசைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அப்படி. இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தினமும் மிஷினில் ஏறாமல், வாரம் ஒரு நாள், காலையில், சாப்பிடும் முன் மட்டும் பாருங்கள். அதைவிட ஒரு தையல் டேப் உண்மையைச் சொல்லும். தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதி வையுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை. தொப்பை மட்டும் தனியாகக் குறையாது. எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தண்டால் என்று தசைக்கும் வேலை கொடுத்தால், குறைகிற எடை தசையிலிருந்து போகாமல் இருக்கும்.

அப்புறம், மலை

சமதரையில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்காமல் ஓட்டி, மறுநாளும் ஓட்ட முடிகிறது என்றால் மலைக்குப் போகலாம். முதல் தடவை ஒன்றிரண்டு வளைவு வரை போய்த் திரும்புங்கள், ஏற்காடு ஏரி எங்கும் ஓடிப்போகாது. ஆரம்பத்திலிருந்தே மிக லேசான கியர். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், ஆனாலும் நம் இடது ஓரத்தை விட்டு நகரக் கூடாது.

இறங்கும்போதுதான் ஆபத்து. கிளம்பும் முன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறிவிடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிடித்தால் சறுக்கும். வழியில் குரங்குகள் நிறைய, அவற்றின் எதிரே வாழைப்பழத்தை வெளியில் எடுக்காதீர்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் சாலை முழுக்க கார்கள் இருக்கும், அந்த வாரங்களில் கன்னங்குறிச்சிப் பக்கமே ஓட்டுங்கள்.