கடலூர், புதுச்சேரிப் பக்கம் 400 சதுர அடி வீட்டுக்கு மாறுவது எப்படி

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ பிரான்சிலோ தங்கிவிட்டார்கள், மாடி பூட்டியே கிடக்கிறது, கீழே நீங்கள் இரண்டு பேர் மட்டும் 1,200 சதுர அடியைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் இப்படி எத்தனையோ வீடுகள். சின்ன வீட்டுக்குப் போனால் வேலை குறையும், கரண்ட் பில்லும் வீட்டு வரியும் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் நம் கடற்கரைக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. தரைப் பரப்பைக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தில், அந்த வீட்டை நல்ல உயரத்தில் நல்ல மேல்தளத்தோடு கட்டிக்கொள்ளலாம். பெரிய வீட்டை நாலடி தூக்க நம்மில் பலருக்கு வசதி இருக்காது, சின்ன வீட்டைத் தூக்கிவிடலாம்.

அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு, பரணைச் சேர்க்காமல் 400 சதுர அடிக்குள் இருப்பதைத்தான் குட்டி வீடு என்கிறது. அங்கே சக்கரம் வைத்துக் கட்டுகிறார்கள், ஏணி ஏறிப் பரணில் தூங்குகிறார்கள். அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏணி நம் முழங்காலுக்கு ஆகாது. கன்டெய்னர் வீடும் வேண்டாம். சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் உட்கார முடியாது, உப்புக்காற்று அதைச் சும்மாவும் விடாது.

எடுத்த எடுப்பில் எதையும் விற்காதீர்கள். இருக்கிற வீட்டிலேயே சின்ன வீட்டை நடத்திப் பாருங்கள். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, குளியலறை, அவ்வளவுதான். மற்றதைப் பூட்டிவிடுங்கள். தீபாவளியிலிருந்து பொங்கல் வரை இருந்தால் மழையும் வந்துபோகும், விருந்தாளிகளும் வந்துபோவார்கள், துணி காயவைக்கும் பாடும் தெரிந்துவிடும். பூட்டிய கதவில் ஒரு தாளை ஒட்டி, கதவைத் திறக்கும்போதெல்லாம் எதற்காகத் திறந்தோம் என்று எழுதி வையுங்கள். பொங்கல் கழித்து அந்தத் தாளைப் பாருங்கள். அதில் உள்ள பொருள்தான் புது வீட்டுக்கு வர வேண்டியது. இந்தச் சோதனையில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டினால் மாறவே வேண்டாம், மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழேயே இருங்கள். அதுவும் நல்ல வழிதான்.

பொருள்களைக் கழிப்பதில் கஷ்டம் சீர் பாத்திரத்தில்தான் வரும். பித்தளை அண்டாவும் தவலையும் வருஷக்கணக்காகப் பரணில் இருந்தாலும், அம்மா கொடுத்தது என்றால் கை வராது. அவற்றைப் பழைய இரும்புக்கடையில் எடை போடுவதற்கு முன் மகளிடமும் மருமகளிடமும் கேட்டுவிடுங்கள். பழைய தேக்குக் கட்டில், ஊஞ்சல் பலகை, தூண் போன்றவற்றுக்குப் புதுச்சேரியில் பழம்பொருள் கடைகளில் விலை கிடைக்கும், அவசரப்பட்டு முதலில் வருபவரிடம் தள்ளிவிடாதீர்கள். பீரோவை மட்டும் இப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள், சின்ன வீட்டில் இடத்தை அடைப்பதில் கட்டிலுக்கு அடுத்தது அதுதான்.

சரி, மனை. இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். 2015 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு எதுவரை வந்தது என்று தெருவில் நாலு வீட்டில் கேளுங்கள், பெரும்பாலும் சுவரில் கறையே இருக்கும். கடலூரில் வானத்து மழையை மட்டும் பார்த்தால் போதாது. ஃபெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம், மழை விட்ட பிறகுதான் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. கெடிலம் ஆற்றுப் பக்கமும் இதே கதைதான். புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த இடங்களில் ஒரு நல்ல மழைக்கே தண்ணீர் நிற்கும்.

கறை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேல் ஓர் அடியாவது உங்கள் பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையைத் தாங்கும் மேடை, இருக்க வேண்டும். கணக்கு இதுதான்: ஓர் அடி உயர்த்த, 400 சதுர அடிக்கு 400 கன அடி நிரப்ப வேண்டும், அதாவது சுமார் 4 யூனிட் கிராவல், திமிசு போட்டு இறுக்கினால் இன்னும் கொஞ்சம். 1,200 சதுர அடி வீட்டுக்கு அதே ஓர் அடிக்கு 12 யூனிட். நாலடி உயர்த்துவதென்றால் 16-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம், அதோடு பேஸ்மட்டச் சுவரின் நீளமும் குறைகிறது. உயரம் கூடினால் படியும் கூடுமே என்பீர்கள், நியாயமான கவலை. சக்கர நாற்காலிச் சரிவு ஓர் அடி ஏற 12 அடி நீளம் கேட்கும், நாலடிக்கு 48 அடி, சின்ன மனையில் வீட்டைச் சுற்றி வளைத்துப் போட்டால்தான் முடியும். அதற்கு இடம் இல்லையென்றால் ஆறு அங்குல உயரத்தில் அகலமான படிகள், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை, இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

உள் அளவுகள்: வெளியளவு 16 அடிக்கு 25 அடி என்று வைத்துக்கொண்டால், முன்கூடம் 120 சதுர அடி, படுக்கும் அறை 110, சமையலறை 60, குளியலறை கழிப்பறை சேர்த்து 40. மீதி 70 சுவருக்கே போய்விடும், வரைபடத்தில் பெரிதாகத் தெரிந்து கட்டியதும் சுருங்குவது இதனால்தான். குளியலறைக் கதவை மூன்றடி அகலம் வையுங்கள், உள்ளே போகப் படி வேண்டாம். இந்த 400-க்கு வெளியே, முன்பக்கம் முழுக்க நாலடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள். இதைச் செலவு என்று வெட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புதுச்சேரி வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள், தெருவைப் பார்த்த திண்ணையும் தாழ்வாரமும் ஒரு வீட்டுக்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பது தெரியும். காய் நறுக்குவது, பேப்பர் படிப்பது, பக்கத்து வீட்டு அக்காவோடு பேசுவது எல்லாம் அங்கே நடந்தால் உள்ளே 400 போதும். மாடிப்படி வெளியே இருக்கட்டும். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் மொட்டை மாடியில் பாய் விரிக்கலாம், தண்ணீர் ஏறினாலும் மேலே போக வழி இருக்கும்.

வெயிலுக்கு இரட்டைக் கூரைதான் என் கட்சி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தபோது தளத்துக்கு மேலே காற்றுப் போக இடைவெளி விட்டு வளைந்த காங்கிரீட் ஓடுகளைப் பதித்தார், அறைகளுக்குக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் திறந்து மூடும் பட்டைப் பலகைகள் வைத்தார். அது 1930-களின் யோசனை, இன்றைக்கும் நமக்குப் பொருந்தும். அவ்வளவு செலவழிக்க முடியாவிட்டால் தட்டோடு பதித்து வெள்ளைப் பூச்சு அடியுங்கள், 400 சதுர அடிக்கு அது பெரிய தொகை இல்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும், அந்தப் பக்கம் ஜன்னல், எதிர்ச்சுவரில் அது வெளியேற இன்னொன்று. மேற்குச் சுவருக்குக் குளியலறையைத் தள்ளுங்கள். சுவருக்குச் சூளைச் செங்கல்தான் வேண்டும் என்றில்லை, ஆரோவில்லில் அழுத்திய மண் கல்லில் நிறையக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் தண்ணீர் படும் பேஸ்மட்டச் சுவருக்கு மட்டும் அதைப் போடாதீர்கள்.

மேல்தளத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ், தகரம் வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலில் கூரைகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காங்கிரீட்தான், அதிலும் கம்பியை மூடும் கனம் முக்கியம். கடலோரத்துக்கு இந்தியத் தரவிதி 45 மில்லிமீட்டர் கேட்கிறது. மேஸ்திரி கம்பிக்கு அடியில் வைக்க 20 மில்லி கவர் பிளாக் போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். உப்பு கலந்த போர் தண்ணீரில் கலவை போடவும் விடாதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1,200-ஐ 400 ஆக்கினால் கட்டும் செலவு மூன்றில் ஒன்றாகிவிடாது. சமையலறை, கழிப்பறை, செப்டிக் டேங்க், போர், மோட்டார் எல்லாம் எந்த வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சதுர அடி விலை கூடுதலாகத்தான் வரும்.

பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வருமான வரியும் உண்டு. விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கு கிடைக்கும், ஆனால் புது வீட்டில் போட்ட அளவுக்குத்தான். சின்ன வீட்டுக்குப் போகிறவருக்கு லாபத்தில் ஒரு பகுதி மிஞ்சும், அதற்கு வரி கட்ட வேண்டும், விலை பேசுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பூர்வீக வீடு என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோர் கையெழுத்தும் முதலில். கடலூரில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500-க்குள் கட்டடம் என்றால் தமிழக அரசின் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம். புதுச்சேரிக்கு அது செல்லாது, அங்கே நகர அமைப்புக் குழுமத்துக்குப் போக வேண்டும்.

அப்புறம், காலக் கணக்கு. தை பிறந்ததும் கடைக்கால் தோண்டுங்கள். பேஸ்மட்டத்தில் நிரப்பிய மண் தண்ணீர் குடித்து அமர கொஞ்சம் விடவேண்டும், அதில் அவசரம் காட்டினால் பின்னால் தரை வெடிக்கும். ஆனிக்குள் தளம் போட்டுவிட்டால் பூச்சு வேலையையும் திண்ணையையும் ஆடியில் முடித்து, புரட்டாசி வருவதற்குள் ஆவணியிலேயே பால் காய்ச்சிவிடலாம், ஐப்பசி மழைக்கு நீங்கள் புது வீட்டில் இருப்பீர்கள்.