ராக்கீஸின் இளம் வீரர்களா? ஹார்ட்ஃபோர்டைப் பாருங்கள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸுக்கு அடுத்து வரப்போகும் பேட்டரை எடைபோட, மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் அதன் டிரிபிள்-ஏ கிளை அணியான அல்புகர்க்கி ஐசோடோப்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்களை ஒதுக்கிவிட்டு, ஒரு படி கீழே டபுள்-ஏ ஹார்ட்ஃபோர்ட் யார்ட் கோட்ஸில் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அடர்த்தி குறைந்த காற்றில், சும்மா தூக்கியடித்த பந்துகூட வேலியைத் தாண்டும். வளைய வேண்டிய பந்து அவ்வளவாக வளையாது. ஹார்ட்ஃபோர்டில் இந்தச் சலுகை கிடையாது. பந்து வீசும் பிட்சருக்கு இதுவே தலைகீழ்: அல்புகர்க்கியில் கொஞ்சம் ரன் கொடுத்தார் என்பதற்காக ஆளைக் கழித்துக்கட்டிவிடாதீர்கள்.

ஹார்ட்ஃபோர்டில் இருபது முப்பது ஆட்டம் மட்டுமே ஆடியவருக்கு இந்தக் கணக்கு உதவாது. காயம் ஆறி, பயிற்சிக்காக நாலு நாள் இறங்கி ஆடும் மேஜர் லீக் ஆட்களுக்கும்தான்.